எல்லைக் கம்பத்தை எடுத்தது எதற்கு? நட்டது எதற்கு?



ஐரோப்பாவில் தேசத்துக்குத் தேசம் எல்லையே கிடையாது, பாஸ்போர்ட் கேட்பாரில்லை என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். அது முழுப் பொய்யுமல்ல, முழு மெய்யுமல்ல.

அந்தக் கதவைத் திறக்க வைத்ததில் லாரி டிரைவர்களுக்குப் பங்கு உண்டு. 1984 பிப்ரவரியில் சுங்கச்சாவடி ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கவே, ஆல்ப்ஸ் மலை எல்லைகளில் லாரிகள் குளிரில் தேங்கி நின்றன. பொறுமையிழந்த டிரைவர்கள் ரோடுகளை மறித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சோதனையைத் தளர்த்த உடன்பாடு கண்டன. 1985 ஜூன் 14-ல் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசெல் நதியில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து சர்க்கார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 1995-ல் அமலுக்கு வந்தது. இப்போது அதில் 29 தேசங்கள்.

முதலாளிக்கு இதில் லாபமில்லையா? நிறைய உண்டு. சரக்கு தங்காமல் ஓடுகிறது; கூலி குறைந்த சீமையிலிருந்து ஆள் கிடைக்கிறது. ஆனால் தொழிலாளிக்கும் அது பிழைக்கும் வழி. லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாட்டுக்கு மட்டும் அண்டை நாடுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள்.

பிறகு வந்தது 2015. சிரியா, ஆப்கானிஸ்தான், இராக் முதலிய நாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கடல்வழியாக வந்து சேர்ந்தார்கள். நவம்பரில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பீதி நியாயமானது. நாம் அதைக் கேலி செய்யவில்லை. கொலைகாரர்களில் சிலர் அகதிகளோடு கலந்து வந்ததும் உண்மை. ஆனால் பெரும்பாலோர் பிரான்ஸ், பெல்ஜியம் பிரஜைகள் என்பதும் உண்மையல்லவா? உள்ளூர்க்காரனை எல்லைக் கம்பம் என்ன செய்யும்?

ஆனாலும் கம்பங்கள் திரும்பி வந்தன. தாற்காலிகம் என்றார்கள். ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று வருஷங்கள் ஓடின. 2019-ல் ஆஸ்திரிய எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்த ஒருவருக்கு 36 யூரோ அபராதம் போட்டார்கள். மனிதர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். புதிய ஆபத்து எதையும் காட்டாமல் ஆறு மாதத்துக்கு மேல் சோதனையை நீட்டிக்கக் கூடாது என்று 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கார்கள் என்ன செய்தன? 2024-ல் சட்டத்தையே திருத்தின. இப்போது இரண்டு வருஷம் வரை வைக்கலாம். அசாதாரண நிலை என்றால் மூன்று வருஷம்! அந்தச் செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனை போட்டது.

விவசாயத் தொழிலாளிகள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. ஜெர்மனி எல்லையைச் சாத்தியது. அறுவடைக்கு வரும் அந்நியக் கூலியாட்களுக்கும் தடை. அது அஸ்பராகஸ் என்ற தண்டுக்கறி வெட்டும் பருவம். ரூமேனியாக்காரர்கள் முதுகு ஒடியக் குனிந்து வெட்டினால்தான் உண்டு. பண்ணையார்கள் கூக்குரலிட்டார்கள். ஒரு வாரம்தான்! ஏப்ரலுக்கு 40,000 பேர், மே மாதத்துக்கு 40,000 பேர் வரலாம் என்று உத்தரவு மாறியது. பஸ்ஸில் வரக்கூடாது, விமானத்தில் வரவேண்டுமாம். வந்ததும் 14 நாள் தனிமை. ஆனால் வேலையை நிறுத்தும் தனிமை அல்ல. அந்த நாட்களில் கொட்டகையை விட்டுப் பண்ணைக்குப் போகலாம், பண்ணையை விட்டு வேறெங்கும் போகக்கூடாது.