மருத்துவரிடம் வாய் திறந்து கேட்போம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. ஆயினும் நம் இல்லங்கள் ஒவ்வொன்றையும் என்றேனும் ஒருநாள் வந்து தொடக்கூடிய ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். ஒரு சிகிச்சையினால் விளையும் நன்மை யாது, அபாயம் யாது என்பதை மருத்துவரும் நோயாளியும் எவ்வாறு கலந்து பேசுவது? இதுவே அப்பொருள்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்பன அவை. இந்நான்கினுள் நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டிருக்கிறான். ஆனால் ஆஸ்பத்திரியின் வாயிலைத் தாண்டியவுடன் நாம் செய்வது என்ன? முதலாமவன் வாய் மூடி ஊமையாகிவிடுகிறான். “எல்லாம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், டாக்டர்” என்று கூறிவிட்டு, நீட்டிய தாளில் கையொப்பமிடுகிறோம். அது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சாகியிருக்கும். நம்மில் பலருக்கு மலையாளம் பேச வருமேயன்றிப் படிக்க வராது. படியாத தாளில் இடும் கையொப்பம் சம்மதமாகுமா?

இக்கேள்விக்கு நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் விடை கூறியிருக்கிறது. டில்லியைச் சேர்ந்த 44 வயதுப் பெண்மணி ஒருவர், 1995-ஆம் ஆண்டு மே மாதம் உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் சென்றார். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றினுள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு அவர் இசைந்தார். அவர் மயக்கத்திலிருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டனர். மருத்துவர் நல்லெண்ணத்துடனேயே அவ்வாறு செய்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. எனினும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயபுத்தியுள்ள வயதுவந்த ஒருவருக்குப் பதிலாகப் பெற்ற தாயும் சம்மதம் தர இயலாது என்றும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது என்றும் தீர்ப்பளித்தது. மருத்துவர் தம் கட்டணத்தை இழந்ததோடு, 25,000 ரூபாய் நஷ்டஈடும் தர நேர்ந்தது.

மருத்துவர் நோயாளிக்குச் சொல்ல வேண்டியவை எவை என்பதையும் அத்தீர்ப்பு வரையறுத்தது. சிகிச்சையின் தன்மையும் முறையும், அதன் நோக்கமும் பயனும், வேறு வழி உண்டாயின் அது, குறிப்பிடத்தக்க அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் வரக்கூடிய தீங்கு ஆகியவையே அவை. மிக அரிதான அபாயங்களையெல்லாம் அடுக்கி நோயாளியை அச்சுறுத்த வேண்டுவதில்லை என்றும் அத்தீர்ப்பே கூறுகிறது. எனவே இது மருத்துவரைக் கூண்டில் ஏற்றும் சட்டமன்று. இருவரும் பேசிக்கொள்வதற்கு வகுத்த வழியே ஆகும்.

அன்பர்களே, பேசினால் மட்டும் போதாது. கணக்கைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் இருமடங்காகிறது என்று எச்சரிக்கை வெளியாயிற்று. பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையைக் கைவிட்டனர். வேண்டாத கருவுற்று வருந்தினோரும் உளர். உண்மையில் அந்த ‘இருமடங்கு’ என்பது, ஏறத்தாழ 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த அபாயம் 7,000 பேரில் இருவருக்கு என ஆனதேயாகும். இரண்டு கூற்றும் மெய்யே. ஆனால் ஒன்று நெஞ்சைப் பதறச் செய்கிறது. மற்றொன்று சிந்திக்கச் செய்கிறது. ஆகவே “அபாயம் பாதியாகக் குறையும்” என்றோ “இருமடங்காகும்” என்றோ எவரேனும் கூறினால், “எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?” என்று நாம் கேட்டல் வேண்டும்.

இனி நம் ஊருக்கே வருவோம். யானைக்கால் நோய்க்குக் ‘கொச்சிக் கால்’ என்றே ஒரு பெயர் வழங்கிய அளவுக்கு இத்தீவும் மட்டாஞ்சேரியும் அந்நோய்க்குப் பேர்போனவை. கொசுக்கடியால் உடலுள் புகும் புழுக்களே அதற்குக் காரணம். 2004-ஆம் ஆண்டு தொடங்கி, நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை வழங்கப்பட்டது, பின்னர் அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் அது விலக்கு.

“கால் வீங்காத எனக்கு மாத்திரை எதற்கு?” என்று கேட்டோர் பலர். நியாயமான கேள்வியே. புழுக்கள் குடியிருந்தும் பல்லாண்டு வெளியே தெரியாது. இரத்தத்திலுள்ள அவற்றின் குஞ்சுகளை இரவில் எடுக்கும் இரத்தத்திலேயே பெரும்பாலும் காணலாம். அவை மடிந்தால்தான் கொசுவின் வழியே அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நோய் பரவாது. மாத்திரையால் அவை மடியும்போது காய்ச்சலும் தலைவலியும் குமட்டலும் சிலருக்கு ஓரிரு நாள் தோன்றும். இதனை முன்னரே கூறிவிட்டால், காய்ச்சல் கண்டவர் மருந்து வேலை செய்கிறது என்று அமைதியுறுவார். கூறாவிட்டால் ‘மாத்திரை விஷம்’ என்ற வதந்தி தெருவெங்கும் பரவும். முற்றிய வீக்கத்தை அம்மாத்திரை வடியச் செய்யாது என்பதையும் மறையாமல் சொல்ல வேண்டும். அந்நிலையில் காலை நாள்தோறும் கழுவி உலர்த்திப் புண் வராமல் காப்பதே கைகண்ட வழி. நன்மையை மிகைப்படுத்துவதும் அபாயத்தை மறைப்பதும் நம்பிக்கையைக் கெடுக்கும்.

நம் பங்கிலும் கடமை உண்டு. சர்க்கரை நோய், முன்னர் ஒவ்வாத மருந்து, வீட்டில் உண்ணும் சூரணம், மதுப்பழக்கம் ஆகியவற்றை ஒளிக்காமல் மருத்துவரிடம் உரைப்போம். கேட்க வேண்டியவற்றை முன்னரே தாளில் எழுதிச் செல்வோம். இச்சிகிச்சை எதற்கு, வேறு வழி உண்டா, என்ன தீங்கு எத்தனை பேருக்கு நேரும், சற்றுப் பொறுத்தால் என்னாகும் என்னும் நான்கு கேள்விகள் போதும். மருத்துவர் கூறியதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என வினவுவோம். இது மருத்துவரை அவமதிப்பதாகுமோ என்று தயங்க வேண்டாம். புகைவண்டி நிலையச் சாளரத்தில் நாள்தோறும் நூறு பேர் “இவ்வண்டி எவ்வூர் செல்லும், எங்கே மாற வேண்டும்?” என்று வினவுகின்றனர். அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. சென்னைக்குச் செல்லும் வண்டிக்குக் கேட்கும் கேள்வியை, நம் உடலை ஒப்படைக்கும்போது கேட்கலாகாதா?

வரிசையில் நூறு பேர் நிற்க, மருத்துவருக்கு நேரம் ஏது என்பீர்கள். மெய்தான். ஆகையால்தான் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இளைஞர்களும் பெண்மணிகளும் நம் காலனியில் பலர் உளர். அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்துடன் அவர்களுள் ஒருவர் சென்று, சம்மதப் பத்திரத்தை வரிக்கு வரி தமிழில் படித்துக்காட்டட்டும். முடிவு செய்பவர் நோயாளியே. உடன் செல்பவர் மொழிக்குத் துணையாக மட்டும் நிற்கட்டும். குறள் கூறிய நான்காம் கூறு நம் சங்கத்தினின்று எழுமாயின், முதலாமவன் ஊமையாக இருக்க வேண்டியதில்லை.