திரையில் தெரிவது யாருடைய வாழ்வு?

(மொனராகலையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே! பெரியோர்களே! தாய்மார்களே! வயலையும் சேனையையும் விட்டு வந்திருக்கும் விவசாயத் தோழர்களே! றப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடும் தேயிலையில் கொழுந்தெடுத்த கையோடும் வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே!

திபெத்து மக்களின் வாழ்க்கையைக் காட்டும் திரைப்படங்கள் அரசியல் பிரசாரமாகுமா என்பது இன்று எம்மிடம் விடுக்கப்பட்டுள்ள வினா. திபெத்து எங்கே, மொனராகலை எங்கே, பனிமலை நாட்டுப் படத்தைப் பற்றி ஊவாவில் உட்கார்ந்து பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும், அயலான் வீட்டுக் கண்ணாடியில் நம் முகமும் தெரியுமானால், ஒரு கணம் நின்று பார்ப்பதில் தவறில்லை. முதலில் திபெத்தைப் பார்ப்போம். பிறகு ஊவாவுக்குத் திரும்புவோம்.

1959ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தலாய் லாமா தம் நாட்டைவிட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1963இல், சீன விடுதலைப் படையின் படப்பிடிப்பு நிலையம் 'பண்ணையடிமை' என்னும் பொருளுடைய பெயரில் ஒரு படத்தை வெளியிட்டது. லீ ஜுன் அதன் இயக்குநர். திபெத்தியரே அதில் நடித்தனர். ஆண்டைகளின் கொடுமை தாளாது வாய் பேசுவதையே விட்டுவிட்ட ஓர் அடிமையின் கதை அது. படத்தின் இறுதியில் அவன் வாய் திறக்கிறான். திறந்ததும் சீனத் தலைவர் மாவோவின் பெயரைச் சொல்கிறான்.

1997இல் அமெரிக்கத் திரையுலகிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, 'திபெத்தில் ஏழு ஆண்டுகள்'. மற்றொன்று, தலாய் லாமாவின் இளமை வரலாற்றைக் கூறும் 'குந்துன்'. முந்தியது பெரும்பாலும் தென்னமெரிக்காவின் ஆர்ஜென்டீனாவில் எடுக்கப்பட்டது. பிந்தியது ஆபிரிக்காவின் மொரொக்கோவில் எடுக்கப்பட்டது. சீனா சினங்கொண்டது. 'குந்துன்' படத்தை வெளியிட்ட டிஸ்னி நிறுவனத்தின் தலைவர், அடுத்த ஆண்டே சீனத் தலைவர்களைக் கண்டு, அப்படத்தை எடுத்தது பிழையென்று வருந்தினார். சீனத்தில் வணிகம் நடத்த வேண்டுமே!

இவற்றில் எது பிரசாரம்? பழைய திபெத்தில் நிலத்தோடு கட்டுண்ட குடிகள் இருந்தது மெய். ஆகவே சீனப் படம் முழுப் பொய்யன்று. ஒரு மக்கள் கூட்டம் தன் நாட்டையும் வழிபாட்டையும் இழந்து தவித்தது மெய். ஆகவே அமெரிக்கப் படங்களும் முழுப் பொய்யல்ல. பிரசாரம் என்றால் பொய் என்று நினைப்பவர் ஏமாறுவர். மெய்யில் ஒரு பாதியை மட்டும் எடுத்து, மறுபாதி இருந்ததே தெரியாதபடி அழகுபடுத்திக் காட்டுவதே தேர்ந்த பிரசாரம்.

தோழர்களே! இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1929ஐத் தொடர்ந்து உலகெங்கும் பொருளாதாரம் சரிந்தது. தேயிலை விலையும் விழுந்தது. விளைச்சல் மிகுதி, வாங்குவோர் குறைவு. 1933இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தோட்டங்களிலோ குறைந்தபட்சக் கூலியும் குறைக்கப்பட்டது. ஒரு பக்கம் உற்பத்தியைச் சுருக்குவது, மறுபக்கம் தேநீர் குடிப்போரைப் பெருக்குவது என்று முதலாளிகள் முடிவு செய்தனர். பின்னைய வேலைக்கென 1932இல் ஒரு சபை அமைந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? இலங்கைத் தேயிலைப் பிரசார சபை! ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த வரியே அதன் வருவாய். அக்காலத்தவர் ஒன்றில் நேர்மையானவர்கள். பிரசாரத்தைப் பிரசாரம் என்றே பெயர்ப்பலகையில் எழுதினார்கள்.

அந்தச் சபை இலங்கையைப் பற்றி நான்கு சிறு பயணப் படங்கள் எடுத்துத் தருமாறு ஜோன் கிரியர்சன் என்பாரின் குழுவைக் கேட்டது. பசில் ரைட் என்ற இளைஞர் 1934இல் இங்கு வந்து படம் பிடித்தார். நான்கும் ஒன்றாகி, ஏறத்தாழ நாற்பது நிமிடப் படமாக வெளிவந்தது. அதுவே 'இலங்கைப் பாட்டு' என்று தமிழில் சொல்லத்தக்க 'சோங் ஒவ் சிலோன்'. 1935இல் பிரசெல்சு நகரத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. இன்றும் உலகின் சிறந்த விவரணப் படங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது.

அதன் கலையழகை நாம் மறுக்க வரவில்லை. சிவனொளிபாத மலையில் அடியார் ஏறும் காட்சியும், ஒலியையும் படத்தையும் பின்னிய முறையும் வியக்கத்தக்கவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படத்தில் நாம் கேட்கும் விளக்கவுரை எங்கிருந்து வந்தது? கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அதைக் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ற் படித்தார். 1934ஆம் ஆண்டின் மனிதரைக் காட்டிக்கொண்டே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய சொற்களைக் காதில் ஓதுகிறார்கள். பார்ப்பவன் என்ன நினைப்பான்? இந்த நாட்டில் காலம் அசையவே இல்லை. புத்தரின் அமைதியும் கழனியின் அமைதியும் என்றும் உள்ளன. வெள்ளையன் வந்தான், தேயிலை வந்தது, அமைதி கலையவில்லை என்றே நினைப்பான்.

பெரியோர்களே! நாம் நிற்கும் மண் எது? வெல்லஸ்ஸ மண். 1817இலும் 1818இலும் ஊவாவும் வெல்லஸ்ஸவும் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்தன. பதிலுக்கு வயல்கள் அழிக்கப்பட்டன; வீடுகள் எரிக்கப்பட்டன; மக்கள் பசியால் மடிந்தனர். நொக்சின் நூலுக்கும் ரைட்டின் படத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பெருந்துயர் படத்தில் இல்லை. ஆக, அந்தப் படம் முதலில் மறைத்தது சிங்கள விவசாயியின் கண்ணீரை. இதை நாம் வேண்டுமென்றே முதலில் சொல்கிறோம். பிரசாரம் ஓர் இனத்தை மட்டும் வஞ்சிப்பதில்லை.

அடுத்து மறைந்தவர் நம்மவர். படத்தின் மூன்றாம் பகுதி வாணிகத்தைப் பற்றியது. கொழுந்தெடுக்கும் பெண்கள் வருகிறார்கள், தேயிலை காய்கிறது, பெட்டியாகிறது, கப்பலேறுகிறது. அதன்மேல் சந்தை விலையும் தந்திச் செய்தியும் கேட்கின்றன. விலைக்குக் குரல் இருக்கிறது. கொழுந்துக்காரிக்குக் குரல் இல்லை. அவள் கடல் கடந்து வந்தவளின் மகளா, எந்த ஊர்க்காரி, விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றாளா, நிறுவையில் எத்தனை இறாத்தல் கழிக்கப்பட்டது, அன்றைக்கு அவளுக்கு முழுப்பேரா அரைப்பேரா, மாலையில் எந்த லயத்துக் காம்பராவுக்குத் திரும்பினாள்? ஒன்றும் இல்லை. அவள் உழைத்த இலைமீது விதித்த வரியில் எடுத்த படத்தில் அவள் பேசவில்லை.

சீனப் படத்தின் ஊமை அடிமையை இப்போது நினைத்துப் பாருங்கள். அவன் கடைசியில் பேசினான். ஆனால் பிறர் எழுதிக் கொடுத்த சொல்லைப் பேசினான். நம் பெண்ணோ கடைசிவரை பேசவே இல்லை. இரண்டும் ஒரே வகை ஊமைத்தனம் என்பதே எமது கருத்து.

ஒரு படம் இத்தனை பெரிய கேடு செய்யுமா என்று கேட்கலாம். படம் சட்டம் இயற்றாது. ஆனால் சட்டம் இயற்றுவோர் கண்ணுக்கு ஒரு பழக்கத்தைத் தரும். நாட்டின் உயிர் என்று கிராமத்தைக் காட்டி, தோட்டத்து மக்களை வாணிகத்தின் உறுப்பாக மட்டும் காட்டும்போது, இவர்கள் நாட்டோடு சேர்ந்தவர்களல்லர், தேயிலையோடு வந்து தேயிலையோடு போகவேண்டியவர்கள் என்ற எண்ணம் எளிதில் ஊன்றும். அந்த எண்ணத்துக்கு வேறு ஆயிரம் காரணங்களும் இருந்தன; படம் அதை உண்டாக்கவில்லை, அதற்கு ஒத்து ஊதியது. பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமை போயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தார்கள். போவோரிடமும் இருப்போரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பிறர் செய்தால் பிரசாரம், நாம் செய்தால் கலையா என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்பதே நேர்மை. 1952இல் வந்த 'பராசக்தி'யை நம்மவர் கொண்டாடினர். கலைஞர் கருணாநிதியின் உரையாடல். கிருஷ்ணன் பஞ்சுவின் இயக்கம். இரங்கூனிலிருந்து தாயகம் திரும்பிய தமிழன் சென்னையில் இறங்கியதும் ஏமாற்றப்பட்டுப் பொருளை இழக்கிறான். அது திராவிட முன்னேற்றக் கழகத்தின் பிரசாரம் என்பதில் ஐயமுண்டா? இல்லை. ஆயினும் தாயகம் திரும்பியோர் படும் பாட்டை அது மறைக்கவில்லை, பேசியது. நம் மலையகத்திலும் தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' என்ற படத்தைத் தயாரித்து, தாமே நடித்தார். அதிலும் ஒரு கட்சி உண்டு, ஒரு நோக்கம் உண்டு. எனவே பிரசாரம் செய்வதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. தன் முகத்தை மறைத்துக்கொண்டு, நான் வெறும் வாழ்க்கையைத்தான் காட்டுகிறேன் என்று சொல்லும் பிரசாரமே ஆபத்தானது. சங்கத்தின் படமானாலும் கட்சியின் படமானாலும், தலைவரைப் பேசவிட்டுத் தொழிலாளியைக் கைதட்ட மட்டும் நிறுத்துமாயின், அதையும் இதே தராசில் நிறுக்கவேண்டும்.

அந்தத் தராசு எது? எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பணம் கொடுத்தவர் யார்? படத்தில் பேசுபவர் யார், பேசாமல் வந்துபோகிறவர் யார்? காட்டாமல் விட்டது எது? படம் முடிந்து எழுந்திருக்கும்போது நம்மை என்ன செய்யச் சொல்கிறது: தேநீர் வாங்கவா, வாக்களிக்கவா, அல்லது அழகாயிருக்கிறது என்று சொல்லி மறக்கவா? திபெத்துப் படத்துக்கும் இவைதாம் கேள்விகள். ஊவாப் படத்துக்கும் இவைதாம்.

இது பழங்கதையன்று. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தையும், எல்லவுக்குச் செல்லும் இரயிலையும், கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணையும் இன்று உலகமே பார்க்கிறது. வருவோர் வரட்டும், ஊருக்கு வருவாய் வரட்டும். ஆனால் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது என்பதை அந்தச் சிரிப்பு சொல்லுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று கமராக்கள் ஓடி வந்தன. மண் மூடிய பிறகு வந்த கமராக்கள், மண் மூடுமுன் அந்த லயங்களைப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

ஆகவே, இங்குள்ள படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்துக்குப் படம் பிடிக்க எவர் வந்தாலும், படமெடுக்கப்படுவோரின் சம்மதத்தைக் கேட்கச் செய்யுங்கள். அவர்கள் பேசுவதை அவர்கள் மொழியிலேயே பதியச் செய்யுங்கள். முடிந்த படத்தை முதலில் அவர்களுக்கே காட்டச் செய்யுங்கள். தோட்டத்து இளைஞர்களே, உங்கள் கையிலுள்ள தொலைபேசியும் ஒரு கமராதான். உங்கள் பாட்டியைப் பேசவிடுங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள முதியவரையும் பேசவிடுங்கள். அவருடைய வயலின் கதையும் மறைக்கப்பட்ட கதைதான். நீங்களும் ஒரு பக்கம் சார்ந்தே எடுப்பீர்கள், அதில் வெட்கமில்லை. எந்தப் பக்கம் என்பதை முதற்காட்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

படங்கள் பிரசாரமாகுமா என்ற வினாவுக்கு எமது விடை இதுவே: ஆகும், ஆகியும் இருக்கிறது, நமது கொழுந்தின் காசிலேயே ஆகியிருக்கிறது. அதற்கு மருந்து படங்களைத் தடுப்பதன்று. ஊமையாய் நிறுத்தப்பட்டவர் தம் சொல்லைத் தாமே சொல்வதுதான்.