படம் இருக்கிறது, குரல் எங்கே?

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் வழியில் இருக்கிறது உலு திராம். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் பல இடங்களில் இன்று தாமான் வீடுகள் எழுந்துவிட்டன. ஆனாலும், இருட்டோடு எழுந்து பெரட்டில் நின்று, பால்மரம் சீவப் போன பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சையும் தாலாட்டையும் பேரப்பிள்ளைகள் மடிக்கணினியில் படமாக எடுத்து வைப்பது நல்ல காரியம். எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் பாட்டியின் வாய் அசைகிறது, குரல் இல்லை! இன்னொரு முறை பாடச் சொல்லலாம்தான். எண்பது வயதுத் தொண்டை எத்தனை முறை இணங்கும்?

இது ஏன் நேருகிறது? கணினிக்குள் படத்துக்குக் கேமரா ஒரு வாசல். ஒலிக்கு மைக் வேறொரு வாசல். ஒலி வாசல் மூடியிருந்தாலும் பெரும்பாலும் கணினி ஒன்றும் சொல்லாமல் ஊமைப் படத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

முதலில் அந்தப் படத்தை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ போட்டுப் பாருங்கள். அங்கே குரல் கேட்டால் பழுது படத்தில் இல்லை, உங்கள் கணினியில்தான்.

அங்கும் கேட்கவில்லையா? விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் சவுண்ட் என்று போய், இன்புட் என்ற இடத்தைப் பாருங்கள். எந்த மைக் தேர்வாகியிருக்கிறது? அடுத்த அறையில் கிடக்கும் புளூடூத் காதுக்கருவியாகவும் இருக்கலாம்! சரியானதைத் தேர்ந்து பேசினால் அங்குள்ள கோடு அசையும். மேசைக் கணினியானால் மைக்கின் முனை இளஞ்சிவப்புத் துளையில் இருக்கவேண்டும்; பச்சைத் துளை ஒலிபெருக்கிக்கு உரியது. பிரைவசி பகுதியில் மைக்ரோபோனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஓ.பி.எஸ். என்ற இலவசச் செயலியில் பதிவு செய்பவர்கள் இரண்டு ஒலிக்கோடுகளைக் காண்பார்கள். டெஸ்க்டாப் ஆடியோ என்பது கணினிக்குள்ளிருந்து வரும் ஒலி. மைக் என்பது அறையில் இருப்பவர் குரல். வெளியூரிலிருக்கும் பாட்டியின் தங்கை கணினி அழைப்பில் சேர்ந்து பேசினால் இரண்டுமே வேண்டும். ஒன்றை மறந்தால் பாதிப் பேச்சுதான் மிஞ்சும்.

பதிவாகாத ஒலியை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்து ஏமாறவேண்டாம். முதலில் பத்து விநாடி பதிவு செய்து கேட்டுவிட்டு, அப்புறம் பாட்டியை உட்கார வைப்பதே நாம் சொல்லும் வழி.

இன்னும் ஒரு காப்பு உண்டு. 1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. பேசும்படக்காரர்கள் படத்தையும் ஒலியையும் தனித்தனியே பதிந்து பின்னால் இணைக்கவும் பழகிக்கொண்டார்கள். காட்சி தொடங்குமுன் கட்டையைத் தட்டுவது அதற்காகத்தான். நாமும் ஒரு கைப்பேசியைப் பாட்டியின் அருகில் வைத்து ஒலியை மட்டும் பதியலாம். தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கைதட்டுங்கள். கணினி ஊமையாகிவிட்டாலும், கை சேரும் படத்தோடு கைதட்டும் ஓசையைப் பொருத்தினால், பாட்டியின் குரல் அவர் உதட்டோடு சேர்ந்துகொள்ளும். மின்விசிறியை மட்டும் அந்த நேரம் நிறுத்திவிடுங்கள்; அதன் இரைச்சல் தாலாட்டை விழுங்கிவிடும்.