புண் ஆறும் வழி



பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திய தலைமையாசிரியன் நான். ஓய்வு பெற்ற பின் நானே ஒரு பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்ட செய்தியை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இடுப்பருகே முதுகெலும்பு நழுவி நரம்பை அழுத்தியதால் நூறடி நடப்பதும் எனக்கு அரிதாயிற்று. எலும்புகளைத் திருகாணிகளால் இணைக்க அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். "புகைபிடிப்பதுண்டா?" என்று வினவினார். "இல்லை" என்றேன். அருகில் நின்ற என் மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். பின்பு, "நாளுக்கு எட்டு சிகரெட்டு பிடிக்கிறார், டாக்டர்" என்றாள்.

மருத்துவர் சினக்கவில்லை. இரத்தத்தைச் சோதித்தார், சர்க்கரையும் மிகுந்திருந்தது. அறுவையைத் தள்ளிவைத்துவிட்டு, அதன் காரணத்தை எனக்குப் பாடம்போல் விளக்கினார்.

அறுத்த இடத்தில் சீழ் பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. நல்ல உடல்நலமுள்ளவர்களிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருடைய மூக்கில் அது குடியிருக்கிறது. தோல் என்னும் மதில் திறந்தவுடன் உள்ளே புகப் பார்க்கிறது. அதை எதிர்த்து நிற்பவை இரத்தத்தின் வெள்ளணுக்கள். சர்க்கரை மிகுந்தால் அவை சோர்ந்துபோகின்றன. புகையோ இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணுக்குச் செல்லும் பிராணவாயுவைக் குறைக்கிறது. முதுகில் கொழுப்பு தடித்திருந்தால் வெட்டு ஆழமாகிறது. உணவில் புரதம் குறைந்தால் புண் ஆறத் தாமதமாகிறது. அறுவை நீள நீள, இரத்தம் இழக்க இழக்க, அபாயமும் கூடுகிறது. திருகாணியில் இரத்த ஓட்டம் ஏது? கிருமி அதன்மேல் படலம் கட்டி ஒளிந்துகொண்டால் மருந்தும் எளிதில் எட்டாது.

1865-இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணை ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் கட்டி, சீழின்றி ஆற்றினார். அத்தகைய காயத்துக்குக் காலையே வெட்டியெடுப்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. மருத்துவமனைகள் தம் பங்கை அன்றுமுதல் கற்றுக்கொண்டே வருகின்றன. கருவிகளை நீராவியில் தூய்மை செய்கிறார்கள். கத்தி வைப்பதற்கு முன்பே கிருமிக்கொல்லி மருந்தை ஊசி வழியே செலுத்துகிறார்கள். சவரக்கத்தி தோலில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். ஆகவே முடியை மழிக்க வேண்டாம், தேவையானால் கத்தரித்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் நெறிமுறை வகுத்தது.

நோயாளியின் பங்கு எங்கே இருக்கிறது? அது என் சட்டைப் பையில் இருந்தது!

இரண்டு மாதங்கள் சிகரெட்டைத் தொடவில்லை. முதல் வாரம் விரல்கள் சும்மா இராமல் பழைய சுண்ணக்கட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. உணவை அடக்கினேன்; மருந்தை வேளை தவறாமல் உண்டேன்; சர்க்கரை இறங்கியது. பின்னரே அறுவை நடந்தது. புண் நன்றாக ஆறியது. இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் சிலருக்குச் சீழ் பிடிப்பதுண்டு. அது அவர்கள் குற்றமன்று. காய்ச்சல், சிவப்பு, கசிவு, வளரும் வலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பெரியவர் மருத்துவரைக் காணச் செல்லும்போது துணையாகச் செல்லுங்கள். வெட்கத்தால் அவர் மறைப்பதை, மரியாதை குறையாமல், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். என் மனைவி அன்று எனக்குச் செய்த உதவி அதுவே.