அபராதம் செலுத்துவதா, ஆஜராவதா?



தங்கவயலில் தங்கம் எடுக்கும் பணி 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. அதன்பின் ராபர்ட்சன்பேட்டை மக்களில் மிகப் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில் என்றாயிற்று. மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இரயிலைப் பிடிக்க விடியுமுன்னே ஓடுவோர் ஒருபுறம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டரையும் மோட்டார் சைக்கிளிலேயே கடப்போர் மறுபுறம். ஆதலால், கே.ஏ. 08 என்று தொடங்கும் நம்மூர் வண்டியின் எண், பெங்களூர்ச் சாலைச் சந்திப்புகளிலுள்ள காமிராக்களில் விழுவதும் சாதாரணமாகிவிட்டது. சில நாள் கழித்துக் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது: இன்ன நாளில், இன்ன இடத்தில், தலைக்கவசமின்றி வண்டி ஓட்டப்பட்டது, இன்ன தொகை செலுத்துக.

செய்தியைப் பெற்றவர் உடனே மனத்தில் போடும் கணக்கு ஒன்று உண்டு. அபராதம் ஐந்நூறு ரூபாய். பெங்களூர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒருநாள் கூலி போயிற்று. வாய்தா தள்ளினால் மற்றொரு நாளும் போயிற்று. வக்கீல் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே கட்டித் தொலைப்பதே மேல் என்ற முடிவுக்கு வருகிறார். எம்.ஜி. மார்க்கெட்டில் தேநீர் அருந்தும் நண்பர்களைக் கேட்டாலும் இதே தீர்ப்புத்தான் கிடைக்கும். கூட்டலில் பிழை இல்லை. ஆயினும், கணக்கில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில குற்றங்களை நீதிமன்றத்துக்கு வெளியிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ள இடம் தருகிறது. இத்தொகையை 'இணக்கக் கட்டணம்' என்று அரசு ஆவணங்கள் எழுதுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் முழு மனநிறைவு இல்லை. 'சமரசம்' என்றால் இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததாகத் தொனிக்கிறது. 'இணக்கம்' என்றாலோ, கேட்பவர் இத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார். முன்பு அப்படி நினைப்பதில் பெரிய தவறும் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நிலைமையை மாற்றிவிட்டது. அத்திருத்தத்தின்படி, இணக்கக் கட்டணம் கட்டி முடித்த குற்றமும், பின்னால் அதே குற்றம் நேருமாயின், முன்பு ஒருமுறை செய்த குற்றமாகவே எண்ணப்படும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டுவது 184ஆம் பிரிவின் கீழ் வருகிறது. முதல் தடவைக்குச் சட்டம் கூறும் அபராதம் 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மூன்றாண்டுகளுக்குள் அதே குற்றத்தை மறுபடி செய்தால் அபராதம் 10,000 ரூபாய்; சிறைக்காலமும் இரண்டாண்டு வரை நீளலாம். முதல் தடவை பணம் கட்டியது, தான் செய்யாத ஒன்றுக்காக, தொந்தரவு வேண்டாம் என்ற ஒரே காரணத்தால் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது தடவை மெய்யாகவே தவறு நேரும்போது அவர் பழைய குற்றவாளியாக நிற்கிறார். கைப்பேசி, தலைக்கவசம் ஆகியவை சம்பந்தப்பட்ட குற்றங்களில், பணம் கட்டிய பின்னும், ஓட்டுநர் உரிமத்தைத் தகுதியிழக்கச் செய்யும் நடவடிக்கை தொடரவும் 206ஆம் பிரிவு வழிவைத்திருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் விடுபட்ட செலவு இதுதான்.

அப்படியானால் எல்லோரும் நீதிமன்றம் ஏறிவிட வேண்டியதுதானா? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தலைக்கவசம் அணியாமைக்கு 194டி பிரிவு விதிக்கும் அபராதம் 1,000 ரூபாய். அத்துடன் மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியின்மை. கர்நாடக அரசு 2019 செப்டம்பரில் இதை 500 ரூபாயாகக் குறைத்தது என்று நாம் சொல்வது, இணக்கக் கட்டணத்தைப் பற்றிய பேச்சேயாகும். வழக்காடித் தோற்றவருக்கு மாஜிஸ்திரேட் சட்டத்திலுள்ள தண்டனையைத்தான் விதிக்க வேண்டியிருக்கும். வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சேர்த்துப் பிழைக்கும் இளைஞருக்கு மூன்று மாதம் உரிமம் இல்லை என்றால் மூன்று மாதம் அடுப்பு எரியாது. தலைக்கவசத்தை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் புறப்பட்டது உண்மையானால், நீதிபதி இரக்கம் காட்டுவார் என்று நம்பிப் படியேறுவது விவேகமாகாது. காலம் தாழ்த்தாமல் கட்டிவிடுவதே நன்று.

சம்மன் வந்த பிறகும், ஒப்புக்கொள்பவர் நேரில் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 208ஆம் பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, சம்மனில் கண்ட தொகையை அனுப்பி, அப்பிரிவு கேட்கும் பிறவற்றையும் நிறைவேற்றினால் வழக்கு முடிகிறது. ஒப்புக்கொண்டதற்காக உரிமம் பறிபோவதும் இல்லை. அந்தத் தொகையை மணியார்டரில் அனுப்பி, குற்ற ஒப்புதலை அதன் கூப்பனிலேயே எழுதுமாறு சட்டத்தின் வாசகம் கூறுகிறது. சுரங்கத் தொழிலாளர்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்குப் பணம் அனுப்பிய காலத்தில் இரண்டு வரி நலம் விசாரித்த அதே சிறு கட்டத்தில் இப்படியும் ஒரு வாசகத்துக்கு இடமுண்டு என்பது நமக்கு வியப்பளித்தது. இப்போது பெங்களூர் வழக்குகளுக்கு இணையவழி நீதிமன்றம் அந்த வேலையைச் செய்கிறது. அங்கே பணம் கட்டுவோர் குற்றத்தை ஒப்புக்கொண்டே கட்டுகிறார். மறுப்போரின் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகிறது.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்போரும் உண்டு. 2023 பிப்ரவரியிலும், 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரையிலும் கர்நாடகத்தில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கிடைத்தது உண்மையே. குறைந்தது தொகைதான், குற்றம் பாதியாகவில்லை. அடுத்த தள்ளுபடி என்றைக்கு என்று எவரும் வாக்களிக்கவும் இல்லை.

இனி, செய்யாத குற்றத்துக்கு நோட்டீசு வந்தவரின் நிலையைப் பார்ப்போம். முதலில் அதிலுள்ள புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் நிறமும் வகையும் நம்முடையவைதாமா? எண்ணில் 3 என்பது 8 ஆகப் படிக்கப்பட்டிருக்கிறதா? பிழை கண்ணுக்குத் தெரிவதாயின், பெங்களூர் இன்ஃபன்ட்ரி சாலையிலுள்ள போக்குவரத்து மேலாண்மை மையத்தில் பதிவுச் சான்றின் நகலோடு முறையிட்டுப் பார்க்கலாம். விற்றுவிட்ட வண்டிக்கு நோட்டீசு வருவது இன்னொரு வகை. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்ததோடு வியாபாரம் முடிந்தது என்று இருந்தவர், பதிவேட்டில் தம் பெயர் இருக்கும்வரை பதில் சொல்லியாக வேண்டியவரே.

முறையீட்டில் தீராவிடில் நீதிமன்றம்தான். இங்கே நம்மூர்த் தமிழருக்கென்று தனியே ஒரு சிக்கல் உண்டு. நோட்டீசும் விசாரணையும் பெரும்பாலும் கன்னடத்தில் நடைபெறும். கடைவீதிக் கன்னடம் நம்மில் யாவர்க்கும் வரும். சட்டக் கன்னடம் வேறு. 'வண்டி உம்முடையதா?' என்று கேட்டதாக எண்ணி மரியாதையோடு 'ஹௌது' என்கிறார். கேட்கப்பட்டது 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?' என்பதாக இருந்தால் அவ்வொரு சொல்லில் வழக்கு முடிந்துவிடும்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274ஆம் பிரிவு, குற்றச்சாட்டின் சாரத்தை எதிரிக்கு எடுத்துச் சொல்லிய பிறகே ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்க வேண்டும் என்கிறது. 275ஆம் பிரிவு, அவர் ஒப்புக்கொண்டால் அதைக் கூடியமட்டும் அவர் சொன்ன சொற்களிலேயே பதிய வேண்டும் என்கிறது. பழைய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. சென்னை மாநிலத்திலிருந்து சென்ற ஒரு மதுவிலக்கு வழக்கில், இது வெறும் சடங்கன்று, கட்டாயம் பின்பற்றத்தக்கது என்று உச்சநீதிமன்றம் 1960களிலேயே தீர்ப்பளித்தது. எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது 314ஆம் பிரிவு. 'ஐயா, தமிழில் சொல்லக் கேட்க விரும்புகிறேன்' என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. எத்தனையோ பேர் கேட்பதில்லை. கேட்டால் நீதிபதி கோபிப்பார் என்ற அச்சமே காரணம்.

'வண்டி என்னுடையது, அன்று ஓட்டியது நானல்ல' என்று சொல்ல வேண்டியவர்கள் ஒன்றை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் உரிமையாளர் விவரம் தர வேண்டும் என்கிறது 133ஆம் பிரிவு. ஓட்டியவர் தம்பியாயின் அவர் தம் பொறுப்பை ஏற்கட்டும். பதினெட்டு நிரம்பாத மகன் ஆயின், ஐந்நூறு ரூபாய் வழக்கு வேறு வழக்காக மாறிவிடும்: 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம், வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். இந்நிலையில் தேநீர்க்கடை யோசனை உதவாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீலின் உதவி இலவசம். தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம், கையில் நோட்டீசோடு, வாய்தாவுக்கு முன்பே போய் விண்ணப்பிக்க வேண்டும்.