கிரேக்கத் துன்பியலும் வற்றாப்பளைக் கண்ணகியும்

(நூற்றாண்டு விழாவின்போது உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் நாடகமும் அரங்கியலும் ரீச்சர் தொலைபேசியில் அழைத்து, "கிரேக்கத் துன்பியல் பற்றிப் பேசவேண்டும்" என்றபோது, இலக்கம் மாறி எடுத்துவிட்டாரோ என்று நினைத்தேன். நான் உயிரியல் படித்தவள். டெங்கு பற்றிக் கேட்டிருந்தால் யோசிக்காமல் வந்திருப்பேன். ஆனால் அவரும் என்னுடைய வகுப்புத்தான். ஏன் என்னைக் கேட்டார் என்பது பிறகு விளங்கியது.

1996 இடப்பெயர்வுக்குப் பின் நாங்கள் படித்தது கிடுகுக் கொட்டில்களில். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு கிடுகுத் தட்டி. இந்தப் பக்கம் எங்களுக்கு இதயமும் குருதிச் சுற்றோட்டமும் நடக்கும்; அந்தப் பக்கம் ஈடிப்பஸ் மன்னன் கண்ணைக் குத்திக்கொள்வான். எது காதில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என் நெருங்கிய தோழி. மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைப் பகிர்ந்து படிக்கும்போது அன்றைய பாடத்தை எனக்கு நடித்தே காட்டுவாள். பெயரைச் சொல்லவில்லை. கூடப் படித்தவர்களுக்குத் தெரியும்.

அவள் கொப்பியில் ஒரு வட்டம் கீறியிருந்தாள். அதற்குக் கீழே 'ஒர்கெஸ்ரா: ஆடும் இடம்' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 'எங்கட வட்டக்களரி' என்று சேர்த்திருந்தாள். ஏதென்ஸ் நகரில் கோட்டைக் குன்றின் சரிவில் சனம் இருக்க, கீழே ஆடுகளத்தில் பாடகர் குழு ஆடிப் பாடும். முதலில் பன்னிரண்டு பேர். சோபோக்கிளிஸ் அதைப் பதினைந்தாக்கினார் என்பார்கள். பெண் பாத்திரத்தையும் ஆண்களே முகமூடி அணிந்து ஆடினார்கள். வசந்த காலத்தில் தியோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த விழா அது. இதையெல்லாம் முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பெரிதாக விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அண்ணாவியார், மத்தளம், பிற்பாட்டு, பெண் வேடமிட்ட ஆண், பின்னால் ஒரு தெய்வம். எல்லாம் எங்களிடம் இருந்தன.

கதையின் உறுப்புகளும் அப்படித்தான். கிரேக்கத்தில் கொலை பெரும்பாலும் மேடையில் நடக்காது. தூதுவன் வந்து சொல்வான். சிலப்பதிகாரத்தில் ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று தீய குறி கண்டு பெண்கள் குரவை ஆடுகிறார்கள். அதன் பிறகு ஒருத்தி வந்து கோவலன் செய்தியைச் சொல்கிறாள். பாடகர் குழுவும் தூதும் அதுதான். தெரியாமல் செய்த தவறைக் கிரேக்கர் ஹமார்சியா என்றார்கள். அம்பு குறி தவறுவதைச் சொல்லும் சொல் அது. பாண்டியன் கெட்டவன் அல்ல, குறி தவறியவன். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகி உடைத்த சிலம்பில் மாணிக்கம். கல் தெறித்த அந்தக் கணத்திலேயே அவனுக்கு உண்மை தெரிகிறது, அவன் நிலையும் தலைகீழாகிறது. இரண்டும் ஒன்றாக நேர்வதே சிறந்தது என்று அரிஸ்ரோட்டில் ஈடிப்பஸ் நாடகத்தைப் புகழ்ந்தார். அவருக்கு எங்கள் கதை தெரிந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

பரீட்சைக்கு இவ்வளவும் போதும். நான் பேச வந்தது வேறு.

அரிஸ்ரோட்டில் ஒரு வைத்தியரின் மகன். துன்பியல் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பிக் 'கதார்சிஸ்' செய்கிறது என்றார். உங்கள் குறிப்பில் 'உணர்ச்சி வெளியேற்றம்' என்று இருக்கும். அந்தக் காலத்து வைத்தியர்கள் அதே சொல்லைப் பேதி கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வதற்கும் பயன்படுத்தினார்கள். எப்பிடோரஸ் என்ற ஊரில் வைத்தியத் தெய்வமான அஸ்கிளிப்பியசின் கோயிலுக்குள் வந்த நோயாளருக்கு அருகிலேயே பெரிய அரங்கும் இருந்தது. அழுதால் ஆறும் என்ற நம்பிக்கை எங்களுக்கும் உண்டு, ஒப்பாரி அதற்குத்தானே.

நானும் நெடுநாள் அதை நம்பினேன். என் தோழியை 2009 ஏப்ரலுக்குப் பிறகு கண்டவர் யாருமில்லை. அவளுடைய அம்மா சில வருடங்கள் கழித்து என் கிளினிக்குக்கு வந்தார். நெஞ்சு எரியுது பிள்ளை என்றார். ஈசீஜி சரி, இரத்தப் பரிசோதனை சரி, குழாய் விட்டும் பார்த்தாயிற்று. இரண்டு வருடம் ஒமிப்பிரசோல் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரியாத நோய் அல்ல. தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அம்மா, அவளுக்கு அந்தியேட்டி செய்தனீங்களோ?" என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "உடலைக் காட்டாமல் ஆருக்குச் செய்யிறது? நான் செய்தால் நான்தானே அவளைச் சாகடிச்ச மாதிரி" என்றார்.

அன்று இரவு அன்ரிகனியை மறுபடி வாசித்தேன். இரண்டு சகோதரர்கள் எதிரெதிரே நின்று மாண்டுபோகிறார்கள். ஒருவனுக்கு அரச மரியாதையுடன் அடக்கம். மற்றவன் துரோகி, அவனைப் புதைக்கக்கூடாது என்று கிரியோன் மன்னன் கட்டளையிடுகிறான். தங்கை ஒரு கைப்பிடி மண்ணைத் தூவுகிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்காகச் சாகிறாள். கிரியோனுக்கும் ஒரு நியாயம் உண்டு, இரண்டு நியாயங்கள் மோதுவதே துன்பியல் என்று பெரிய தத்துவஞானிகள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் படத்தோடு இருந்த தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு ஒப்பாது. அன்ரிகனிக்காவது தூவுவதற்கு ஓர் உடல் இருந்தது.

ஏதென்ஸ்காரரிடம் நான் பொறாமைப்படுவது ஒரு நாடகத்துக்காக. சலாமிஸ் கடலில் பாரசீகரை வென்று எட்டே வருடத்தில், கி.மு. 472 இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்று ஒரு துன்பியல் போட்டார். அவர் மரதன் போரில் தானே நின்று சண்டை பிடித்தவர். ஆனால் நாடகத்தில் அழுவது தோற்ற நாட்டு அரசமாதாவும் முதியோரும். வென்ற ஊரின் சனம் இருந்து அதைப் பார்த்தது. அதே விழாவில், போரில் இறந்தவர்களின் பிள்ளைகளை, அரசு வளர்த்த பிள்ளைகளை, அரங்கில் அணிவகுத்து நடத்தினார்கள். எங்கள் நாட்டிலும் யூரிப்பிடிசின் 'துரோயப் பெண்கள்' நாடகத்தைத் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் மேடையேற்றினார். அப்படிச் சில பேர் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்ரியா' மூன்று நாடகங்களில் (கி.மு. 458) கடைசியில், தாயைக் கொன்றவனைத் துரத்தி வருகின்ற கோபத் தெய்வங்கள் வழக்கில் தோற்றுவிடுகின்றன. தோற்ற கோபம் நகரத்தை அழிக்கும் என்று அதீனா பயப்படுகிறாள். அவர்களை விரட்டவில்லை, உங்களுக்கு இங்கே இடம் தருகிறோம், பூசை தருகிறோம், எங்களோடு இருங்கள் என்று மன்றாடி இருத்துகிறாள். இதை வாசித்தபோது எனக்கு நந்திக்கடல் கரைதான் கண்ணில் வந்தது. மதுரையை எரித்துவிட்டு ஆறாத கோபத்தோடு வந்தவள் கிழவியாக இருந்தாள், மாடு மேய்த்த பொடியன்கள் புக்கை பொங்கினார்கள், எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கேற்றினார்கள். பத்தாவதாகத் தங்கிய பளை வற்றாப்பளையாயிற்று என்பது கதை. இன்றும் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரித்துத்தான் வைகாசிப் பொங்கல் நடக்கிறது. மட்டக்களப்பில் அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறார்கள்.

கிரேக்கர் பேதியை மருந்தாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் இதைக் காய்ச்சலாகப் பார்த்தார்கள். காய்ச்சலுக்கு ஒருதரம் கொடுத்து முடிக்கிற மருந்து இல்லை; பக்கத்தில் இருந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வருடாவருடம் பொங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதே நீரேரியின் மறுபக்கம் முள்ளிவாய்க்கால். மே மாதக் கஞ்சியும் வைகாசிப் பொங்கலும் சில நாள் இடைவெளியில் வந்துபோகின்றன.

அம்மாவுக்கு இப்போது ஒமிப்பிரசோல் எழுதுவதில்லை. மாதம் ஒருமுறை வருவார், வந்து அவளைப் பற்றிச் சொல்வார், நான் கேட்பேன். எரிவு போகவில்லை, குறைந்திருக்கிறது. போன வருடப் பொங்கலுக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம்.

நான் சொன்ன கொப்பி, யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் போகும்போது என் புத்தகங்களோடு கலந்து வந்துவிட்டது. அதனால்தான் தப்பியது. அதன் பிரதியைப் பாடசாலை நூலகத்துக்கு எடுத்து வந்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளை யாரும் திருத்தவேண்டாம். மூலக் கொப்பியை நாளைக்கு அம்மாவிடம் கொடுக்கிறேன். அவர் கேட்டிருக்கிறார்.