கோயில் மணி கேட்கும் தூரம்



மலேசியாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து கோல கெட்டில் வழியாகப் பாலிங்குக்குப் போகும் சாலையை ஒட்டி ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. பெயர் வேண்டாம். என் பெரியம்மா அங்கேதான் குடியிருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் பின்வாசலில் உட்கார்ந்தால் மாரியம்மன் கோயில் மணி காதில் விழும். ஆனால் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால், வீட்டில் யாராவது மோட்டார் எடுக்க வேண்டும்.

நடுவில் ஒரு வேலி. அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் பழைய தோட்டத்தின் மிச்ச நிலமும் கோயிலும். இந்தப் பக்கம் வரிசை வீடுகள். தாமானுக்கு ஒரே வாசல். அந்த வாசலில் வெளியேறி, 67ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறி, மண் லாரிகளுக்கும் செம்பனை லாரிகளுக்கும் நடுவே ஓடி, அடுத்த சந்தில் திரும்ப வேண்டும். இருநூறு அடி தூரத்துக் கோயில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிட்டது. "சாமியை விட லாரிக்குத்தான் அதிகமாகக் கும்பிடு போடுகிறேன்" என்பார் பெரியம்மா.

இன்று நாம் பேசப்போவது அந்த வேலியைப் பற்றித்தான். புதிய குடியிருப்புப் பகுதி ஒன்று வரும்போது அதன் தெருக்களை எப்படி வகுக்க வேண்டும் என்ற பேச்சு அது.

தமிழர் ஊர்களில் தெருவுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அது தேர். மதுரையில் சித்திரை வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகத் தெருக்கள் போகின்றன. தேர் ஓடும் வீதி தேரின் அகலத்துக்கு இடம்விட வேண்டும். அது திரும்பும் முனை இன்னும் தாராளமாக இருக்க வேண்டும். எந்தத் தெருவில் எது போகும் என்று முதலில் முடிவு செய்து, பிறகு அளவு எடுத்தார்கள். இன்றைய பொறியியலாளர் செய்ய வேண்டியதும் அதே கணக்குத்தான்.

நம் முன்னோர் இங்கே வந்து இறங்கிய தோட்டங்களில் கணக்கு வேறு. மேட்டில் துரை பங்களா, கீழே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், வரிசையாகத் தொழிலாளர் லயங்கள், ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில். அது தொழிலாளியின் வசதிக்காகப் போட்ட திட்டம் என்று யாரும் ஏமாற வேண்டாம். விடியுமுன் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும், கணக்கெழுதும் கிராணியின் கண்ணுக்கு எல்லாரும் தெரிய வேண்டும், அதற்காகப் போட்டது. ஆனாலும் அதில் ஒரு நன்மை தானாக அமைந்தது. ஆறு வயதுப் பிள்ளை லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்தே போகும். வழியில் பெரிய சாலை குறுக்கிடாது.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்த நன்மை போய்விட்டது. ஒரு துண்டை ஒருவர் வாங்குகிறார், அடுத்த துண்டை இன்னொருவர். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் தெரு போட்டு, பெரிய சாலைக்கு ஒரு வாசல் வைக்கிறார்கள். பக்கத்துத் தாமானோடு வழி இணைக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று தாமான் வந்தால் பெரிய சாலையில் மூன்று வாய். காலையில் பள்ளி வேன், தொழிற்சாலை வேன், அப்பாவின் மோட்டார், அம்மாவின் கார் எல்லாம் அந்த மூன்று வாயில் வந்து முட்டி நிற்கின்றன. பக்கத்துத் தாமான் மளிகைக் கடையில் ஒரு டின் பால் வாங்கவும் அதே சாலைதான்.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஒரு டின் பாலுக்காக மோட்டாரில் கூட்டரசுச் சாலைக்கு ஏறும் பையனை இந்தக் கணக்கோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

"ஒரே வாசல் இருந்தால்தானே பாதுகாப்பு? திருடன் வரமாட்டானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஒரே வாசலுக்கு நம் நாட்டில் ஒரு பழைய கதை உண்டு. கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போர் நடந்த அவசரகாலத்தில், 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குக் குடியேற்றப்பட்டார்கள். சுற்றிலும் முள்வேலி, காவலோடு வாசல். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உள்ளேயிருந்து அரிசி போகக்கூடாது என்பது நோக்கம். அந்தப் போரை நிறுத்தத்தான் 1955 டிசம்பரில் அப்போதைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் நம் பாலிங்கில் பேசினார்கள். அன்று மக்களை அடக்கி வைக்க வைத்த வாசலை, இன்று நாம் கடன் வாங்கி விலைக்கு வாங்குகிறோம்.

ஒரே வாசலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் கூப்பாங் பக்கம் வெள்ளம் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. குனோங் இனாஸ் மலைச் சாரலிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் உருண்டு வந்தன. மூன்று உயிர்கள் போயின. அப்படி ஒரு நாளில் இருக்கிற ஒரு வழியும் அடைபட்டால் மக்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள்? தாமான் திட்டத்தில் இரண்டாவது வழி கேட்பது ஆடம்பரம் இல்லை.

சரி, எல்லாத் தெருவையும் எல்லாத் தெருவோடும் இணைத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் ஆகாது. சமிக்ஞை விளக்கில் காத்திருக்க மனமில்லாத வெளியூர்க் கார்கள் எல்லாம் உங்கள் வீட்டு வாசல் வழியாகக் குறுக்கே பறக்கும். தெரு நீளமாக, நேராக இருந்தால் கேட்கவே வேண்டாம். கால் தானாக எண்ணெயை அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வரும் கார் இடித்தால் பிள்ளை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அறுபதில் வந்தால் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. அதனால் நல்ல திட்டத்தில் தெரு குட்டையாக இருக்கும், இடையிடையே வளையும், சந்திகள் மூன்று முனையோடு நிற்கும். நான்கு முனைச் சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32 என்று பொறியியலாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். மூன்று முனையில் அது 9.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இருவர் வரைந்த திட்டம். கார் போகும் தெரு வீட்டருகே வந்து முட்டி நின்றுவிடும். நாம் 'ஜாலான் மாத்தி' என்கிறோமே, அதுபோல. ஆனால் வீட்டின் மறுபக்கம் நடைபாதை ஓடும். அது பூங்கா வழியாகப் பள்ளிவரை போகும். சாலை குறுக்கிட்ட இடத்தில் அதற்கடியில் சுரங்கப்பாதை. காருக்கு முட்டு, காலுக்கு வழி. உலகம் முழுக்க அந்த முட்டுத் தெருவைக் காப்பியடித்தார்கள். பல இடங்களில் நடைபாதையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

நம் தாமானுக்கு வேண்டியதும் அதுதான். இரண்டு தாமானுக்கு நடுவே ஆறடி அகலத்தில் ஒரு பாதை. நடப்பவர் போகலாம், சைக்கிள் போகலாம், தள்ளுவண்டியில் பேரனை வைத்துக்கொண்டு தாத்தா போகலாம். கார் நுழையாமல் இரண்டு கம்பம். இன்னோரிடத்தில் பன்னிரண்டடி விட்டு, கழற்றக்கூடிய கம்பம் வைத்தால், அவசரத்துக்குத் தீயணைப்பு வண்டிக்கும் அதுவே இரண்டாவது வாசல்.

தீயணைப்பு வண்டி என்றதும் ஒரு சின்னக் கணக்கு. நாற்பதடிச் சாலை என்று பத்திரத்தில் இருக்கும். அதில் லோங்கான் என்கிற வடிகாலும் ஓரமும் போக, தார் போட்டது இருபதடி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் சொச்சம். எதிரெதிரே இரண்டு கார் நிறுத்தினால் மூன்றரை மீட்டர் போயிற்று. மீதி இரண்டரை. வண்டியின் அகலமும் ஏறக்குறைய அதுவே. பிறகு எங்கே நுழைவது? ஒரு வீட்டுக்கு இரண்டு கார், மூன்று கார் என்று ஆகிவிட்ட காலத்தில், நிறுத்தும் இடத்தையும் சேர்த்துத்தான் தெருவை அளக்க வேண்டும். முட்டுத் தெருவின் கோடியில் வண்டி திரும்ப இடம் விடாவிட்டால் குப்பை லாரி பின்பக்கமாகவே வெளியே வரும். பின்னால் பிள்ளைகள் விளையாடுவது ஓட்டுநருக்குத் தெரியாது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வீடு வாங்கிக் குடிபோன பிறகு வேகத்தடை கேட்டு மனுப் போடலாம்; ஆனால் வழி கேட்டால் நிலம் இருக்காது. கேட்க வேண்டிய நேரம், திட்டம் தாளில் இருக்கும்போது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், நமக்கு இடம் தருகிறது. மாவட்டத்துக்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் கடிதம் போகும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கோயில் நிலம் கோயில் பேரில் இருந்தால் அந்தக் கடிதம் நிர்வாகத்துக்கும் வரும். நம் பகுதிக்குப் பாலிங் மாவட்ட மன்றம். அதன் அறிவிப்புப் பலகையில் வரைபடம் ஒட்டியிருந்தால் தயவுசெய்து கடந்து போகாதீர்கள். கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் சேர்ந்து ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம்: "இந்த எல்லையில் நடப்பதற்கு ஒரு வழி விடுங்கள்."

எந்த எல்லையில் என்று தெரியாவிட்டால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பெரியம்மா தாமானில் கடைசி வரிசை வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வேலிக் கம்பியை யாரோ ஓராள் குனிந்து போகும் அளவுக்கு வளைத்து வைத்திருக்கிறார்கள். மன்றம் இரண்டு முறை அடைத்தது, இரண்டு முறையும் திறந்துகொண்டது. அதன் இருபுறமும் புல் முளைப்பதில்லை. தரை வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. ஆடி வெள்ளியில் பால்குடம் எடுத்த பெண்கள் அந்த ஓட்டையருகே குடத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த தாமானுக்கு வரைபடம் போடுகிறவர், கணினியைத் திறக்கும் முன், ஒரு வெள்ளிக்கிழமை அங்கே வந்து நிற்கட்டும்.